டீக்கடைச் சுவரில் ருஸ்தம்: ஈரானின் கஹ்வகானா ஓவியம் – கேள்வி பதில்

கஹ்வகானா ஓவியர் என்றால் மினியேச்சர் வரைபவர்தானே?

இல்லை. மினியேச்சர் அரண்மனைச் சுவடிக்கானது, மடியில் வைத்துப் பார்ப்பது. இது துணியில் எண்ணெய் வண்ணம், சுவரை அடைக்கும் அளவு. ஈரானில் கஜார் அரச வம்ச ஆட்சியின் இறுதியிலும் அடுத்து வந்த பஹ்லவி வம்ச காலத் தொடக்கத்திலும் செழித்தது. கஹ்வகானா என்றால் காப்பிக்கடை. ஆனால் அங்கே ஓடியது டீதான். ஹுசைன் கொல்லர் ஆகாசி (மறைவு 1966), முகம்மது முதப்பிர் இருவரும் பெரும் கைகள். முன்னவருக்கு ஷாநாமா (பாரசீக மன்னர்களின் காவியம்), பின்னவருக்கு கர்பலா (இமாம் ஹுசைன் வீழ்ந்த போர்).

ஆள் அளவுகள் தாறுமாறாக இருக்கிறதே, வரையத் தெரியாதா?

மாடலை உட்காரவைத்து வரைவதில்லை. மனதில் இருப்பதை வரைவதால் 'கயாலி-சாஸி' என்றே தங்கள் கலைக்குப் பெயர் வைத்தார்கள். கதை சொல்லும் நக்கால் படத்தைச் சுட்டும்போது கடைசி வரிசைக்காரருக்கும் புரிய வேண்டும். அதனால் நாயகன் பெரிது, பக்கத்திலேயே பெயரும் எழுதியிருக்கும்.

ஷாநாமாவின் பெருவீரன் ருஸ்தமை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறுத்தைத் தலை பதித்த தலைக்கவசம், இரண்டாகப் பிரிந்த தாடி. யாரென்று அறியாமல் ருஸ்தம் குத்திய அவன் மகன் சொஹ்ராப் சாகும் காட்சியில் முகங்களை விடுங்கள், மகனின் கையைப் பாருங்கள். ருஸ்தம் சொஹ்ராபின் தாய் தஹ்மினாவிடம் கொடுத்த மணி அங்கே கட்டியிருக்கும். குத்திய பிறகு அதைப் பார்த்துத்தான் தன் பிள்ளை என்று தெரிகிறது. அந்த மணி கண்ணில் படாவிட்டால் கதையே நிற்காது.

கர்பலா படங்களில் இமாம்களின் முகம் ஏன் மூடியிருக்கிறது?

மரியாதை. சிலர் திரையிடுவார்கள், சிலர் ஒளிவட்டம் போடுவார்கள். எதிரிகளுக்கு அந்தச் சலுகை இல்லை, கோரமுகம்தான்.

ஆறடிக்கு நாலடி காடாத் துணியில் நானே ஒன்று போட்டேன். சுருட்டியதும் விரிசல். பசையும் சாக்பொடியும் தடிமனாகப் பூசியிருந்தேன்.

காரணம் அதுதான். காய்ந்த வஜ்ரப் பசை (விலங்குத் தோலில் காய்ச்சுவது) வளையாது, தடிமன் கூடக்கூட நொறுங்கும். சட்டத்திலேயே மாட்டி வைப்பதானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் பசை போதும். இரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் பிடிப்பு போய்விடும். அதன்மேல் சாக் பூச்சு மெல்லியதாக. பசையே இல்லாமல் எண்ணெயை நேரே ஏற்றினால் நாளடைவில் துணி இற்றுப்போகும்.

பர்தா மாதிரி சுருட்டி எடுத்துப் போவதென்றால் (இங்கே பர்தா என்பது ஊர் ஊராகக் கொண்டுபோய் விரித்துக் கதை சொல்லும் படத்துணி) இந்த வழி வேண்டாம். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (கடையில் கிடைக்கும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு கோட் கொடுத்து, மூன்று நாள் காயவிடுங்கள். அடி வண்ணத்தில் டர்பன்டைன், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தாலும் வெடிக்கும். குதிரைக்கு அடி வண்ணமாக எலும்புக் கருப்பைத் தடிமனாக அப்பாதீர்கள், அது காய நாளாகும். சுருட்டும்போது வண்ணப்பக்கம் வெளியே இருக்கட்டும். குழாய் 15 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டத்தில்.