ஃபேட்டி லிவர்: தேங்காய் எண்ணெயை நிறுத்தினால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 68. நாகர்கோவில் பக்கம் என்பதால் வீட்டில் எப்போதும் தேங்காய் எண்ணெய்தான். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் ஆகிறது. ஆலிவ் எண்ணெய்க்கு மாறச் சொல்கிறான் தம்பி. மாறினால் சரியாகிவிடுமா? மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: எண்ணெயை மாற்றுவது நல்லதுதான். ஆனால் அந்த 5 லிட்டர் குறையாத வரை எந்த எண்ணெய்க்கு மாறினாலும் உங்கள் கல்லீரலுக்குப் பெரிய நிம்மதி கிடைக்காது.

கல்லீரலில் கொழுப்பு எங்கிருந்து வந்து சேர்கிறது என்பதை அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் உள்ள சிலரிடம் அளந்து பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 60 சதவீதம், உடலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு ரத்தம் வழியாக வந்தது. கால் பங்கு, சர்க்கரை, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து கல்லீரலே தயாரித்துக்கொண்டது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 சதவீதம்தான். அதனால்தான் எண்ணெய் பாட்டிலை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன்.

அதற்காக எண்ணெயின் வகை முக்கியமில்லை என்று ஆகிவிடாது. 2018இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், எடை கூடியவர்களுக்கு மூன்று வாரம் தினமும் 1,000 கலோரி அதிகமாகக் கொடுத்தார்கள். நிறைவுற்ற கொழுப்பாகக் கொடுத்தபோது கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. சர்க்கரையாகக் கொடுத்தபோது 33 சதவீதம். நிறைவுறாக் கொழுப்பாகக் கொடுத்தபோது 15 சதவீதம். கலோரி ஒன்றுதான், விளைவு வேறு. நிறைவுற்ற கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. அப்போது உடல் கொழுப்பு இன்னும் வேகமாகக் கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. அந்த ஆய்வில் நிறைவுற்ற கொழுப்பாகக் கொடுத்தது வெண்ணெய், சீஸ், அப்புறம் தேங்காய் எண்ணெய்.

தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. 'தினமும் காலையில் ரெண்டு ஸ்பூன் குடித்தால் கல்லீரல் சுத்தமாகும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி என்னிடம் வருபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், சுமார் 340 கலோரி. கடை வடை, மிக்சர், பிரியாணி இதில் சேரவில்லை. நாலு பேருக்கு இரண்டரை லிட்டர் என்று மாத லிஸ்டிலேயே எழுதிவிடுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றிலும் நிறைவுறாக் கொழுப்புதான் அதிகம். மாற்றி மாற்றி வாங்கலாம். விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்கத் தேவையில்லை. அவியலில் கடைசியாக விடும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயை நான் தடுக்கமாட்டேன். ஆனால் குழம்புக்கு அரைக்கும் தேங்காயும் கணக்கில் வரும். ஒரு முழுத் தேங்காயில் 100 கிராமுக்கும் மேல் கொழுப்பு இருக்கும். தேங்காயைப் பாதியாக்கி, புளி, மிளகு, சின்ன வெங்காயத்தைக் கூட்டினால் ருசி கெடாது.

நீங்கள் எழுதாமல் விட்டது டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாலு டீ என்றால் அதிலேயே 40 கிராம் சர்க்கரை. பழ ஜூஸும் அப்படித்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் காயோ பயறோ வையுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்கும். கல்லீரல் கொழுப்பையும் கொஞ்சம் குறைக்கலாம். கல்லீரலில் விழும் தழும்பை அது ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டிரைகிளிசரைடு அதிகமாக இருந்து உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். மற்றபடி உங்கள் ஊர்ச் சந்தையில் சாளையும் அயலையும் இருக்கும்போது மாத்திரை எதற்கு? வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வையுங்கள். பொரித்தால் எண்ணெய்க் கணக்கு மறுபடி ஏறிவிடும்.

உங்களுக்கு உண்மையான மருந்து எடைக் குறைப்புதான். நாலைந்து கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம், அதாவது 85–87 கிலோவுக்கு வந்தால் கல்லீரல் வீக்கமும் (அழற்சி) தணிய வாய்ப்பு அதிகம். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரலாம், கல்லீரலுக்கும் நல்லதல்ல.

இன்னொன்று. 'கிரேடு 2' என்பது கொழுப்பின் அளவைச் சொல்கிறதே தவிர, தழும்பு இருக்கிறதா என்று சொல்லாது. எஸ்ஜிஓடி (இன்னொரு கல்லீரல் என்சைம்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) இரண்டையும் பாருங்கள். அவற்றோடு வயதையும் எஸ்ஜிபிடியையும் சேர்த்து, தழும்பு இருக்கும் வாய்ப்பைக் காட்டும் 'ஃபிப்-4' என்ற மதிப்பெண்ணை உங்கள் டாக்டர் அங்கேயே கணக்கிட்டுவிடுவார். அது 1.3க்கு மேல் போனால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொலஸ்ட்ரால், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் இதோடு முடித்துவிடுங்கள். எஸ்ஜிபிடியை மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். அதுவரை வாரம் ஒருமுறை எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்து வைத்து, அந்தத் தாளை டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.