மிஸ்டீரியோ வழக்கு போட்டிருந்தால்?

கேள்வி: ‘ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்’ படத்தில் தன் கண்டுபிடிப்பை டோனி ஸ்டார்க் (அதாவது அயர்ன் மேன்) அபகரித்துக்கொண்டார் என்று மிஸ்டீரியோ குமுறுகிறாரே, நிஜ உலகில் வழக்கு போட்டால் யார் ஜெயிப்பார்கள்? ஸ்பைடர்மேன் மாதிரி கையிலிருந்து நூல் பீய்ச்சும் பொம்மை ஒன்றை நான் செய்து விற்றால் மார்வெல் என்மேல் பாயுமா?

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டார்க்தான் ஜெயிப்பார். எனக்கு அதில் வருத்தம்தான்.

குவென்டின் பெக், அதாவது மிஸ்டீரியோ, ஸ்டார்க் இண்டஸ்ட்ரீஸில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர் உருவாக்கிய ஹாலோகிராம் நுட்பத்தைத்தான் ‘சிவில் வார்’ படத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மேடையில் ஸ்டார்க் செய்து காட்டுவார். பெக்கின் பெயர் அங்கே வராது. போதாக்குறைக்கு அந்த நுட்பத்துக்கு, வாந்தி என்று பொருள்படும் ‘பார்ஃப்’ என்கிற சுருக்கப் பெயர் வேறு.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு கண்டுபிடிப்பின் முதல் உரிமை அதைக் கண்டுபிடித்தவருக்குத்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோச் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2011-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதிசெய்தது. சம்பளம் கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை முதலாளியிடம் போய்விடாது, எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் எழுதி வாங்காத தொழில்நுட்ப நிறுவனம் எங்கே இருக்கிறது? வேலைக்குச் சேரும் அன்று நீட்டுகிற காகிதக் கட்டுக்குள் அந்தப் பத்தியும் இருக்கும். யாரும் படிப்பதில்லை, கையெழுத்து மட்டும் விழுந்துவிடும். பெக்கும் போட்டிருப்பார். வேலையை விட்டு அனுப்பிய பிறகு அதே நுட்பத்தை டிரோன்களில் ஏற்றி ஊரை ஏமாற்றினாரே, அதற்கு ஸ்டார்க் நிறுவனம்தான் அவர்மேல் வழக்கு போட முடியும்.

பெக்குக்கு ஒரே ஒரு பிடி உண்டு. பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) நிறுவனத்துக்குச் சொந்தமானாலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்க வேண்டும். அங்கே ஸ்டார்க் தன் பெயரை மட்டும் போட்டிருந்தால் நீதிமன்றம் திருத்தச் சொல்லும், திருத்த வழியில்லாவிட்டால் பேட்டன்டே செல்லாமல் போகலாம். மேடையில் பெயர் சொல்லாததற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பரிகாரம் கிடையாது.

எனக்கு இதில் பிடித்த வேடிக்கை வேறு. 2008-ல் வந்த முதல் ‘அயர்ன் மேன்’ படத்தில் டோனியின் நெஞ்சிலிருந்து அவர் உடைக்குச் சக்தி தரும் ஆர்க் ரியாக்டரைப் பிடுங்கும்போது, அவருடைய நிறுவனத்துக் கூட்டாளி ஒபதையா ஸ்டேன் ஒன்று கேட்பார்: உனக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டால் அது உனக்கே சொந்தமாகிவிடுமா என்கிற மாதிரி. வில்லன் பேச்சு என்று அரங்கம் முறைத்தது. ஆனால் எல்லா வேலை ஒப்பந்தமும் அதைத்தானே சொல்கிறது? பின்னாளில் பெக் விஷயத்தில் டோனியும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்.

உண்மையில் அநியாயம் நடந்தது வேன்கோ குடும்பத்துக்கு என்பேன். இரண்டாம் ‘அயர்ன் மேன்’ படத்தின் கதைப்படி ஆர்க் ரியாக்டர் டோனியின் அப்பா ஹோவர்டும் ஆன்டன் வேன்கோவும் சேர்ந்து உருவாக்கியது. பணம் பண்ணப் பார்த்தார் என்று ஆன்டனை ஹோவர்ட் நாடு கடத்தவைத்தார், மகன் இவான் பழிவாங்க வந்தான். ஆன்டன் கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்று நிரூபிக்க முடிந்தாலும் காசு வந்திருக்காது என்பதுதான் கொடுமை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அமெரிக்காவில் கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே பேட்டன்டைப் பயன்படுத்தலாம். கிடைக்கிற லாபத்தில் பங்கும் தர வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பேட்டன்ட் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுதான் ஆயுள் (இப்போது விண்ணப்பித்த நாளிலிருந்து 20). ஹோவர்ட் காலத்துப் பேட்டன்ட் இருந்திருந்தால் அந்தப் படம் வந்த 2010-க்கு வெகு முன்பே காலாவதி. இவான் சாட்டையைச் சுழற்றாமல் ஒரு தொழிற்சாலை திறந்து ரியாக்டர் விற்றிருக்கலாம், அந்தப் பேட்டன்டைக் காட்டி யாரும் தடுத்திருக்க முடியாது.

முதல் படத்தில் டோனி கைதியாகக் கிடந்து முதல் கவச உடையைச் செய்த குகையில் உடனிருந்த யின்சென்? கவச உடையில் அவருக்குப் பங்கு கிடைக்காது என்றே நினைக்கிறேன். யோசனையில் பங்கிருந்தால்தான் கூட்டுக் கண்டுபிடிப்பாளர், சொன்னபடி செய்து கொடுத்தவர் அல்ல. டோனியின் நெஞ்சில் பொருத்திய, கார் பேட்டரியில் ஓடிய அந்த முதல் மின்காந்தம் மட்டும் முழுக்க அவருடையது.

அதே இரண்டாம் படத்தில் உடையை ஒப்படைக்கச் சொல்லி செனட் குழு கேட்குமே, அங்கே டோனி பேட்டன்ட் எடுக்காதது புத்திசாலித்தனம். எடுத்திருந்தால் அரசு அனுமதி கேட்காமலே அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம், அவர் நஷ்டஈடு கேட்டு வழக்கு போடலாம், அவ்வளவுதான். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பத்தையே ரகசியமாக்கி முடக்கவும் முடியும். வணிக ரகசியமாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரகசியத்தைக் காப்பாற்ற நாமே முயற்சி எடுத்திருக்க வேண்டும். குடித்துவிட்டு ரகளை செய்து, நண்பன் ரோட்ஸ் ஒரு உடையையே மாட்டிக்கொண்டு பறந்துபோகிற அளவுக்கு விட்ட மனிதர் நீதிமன்றத்தில் எப்படிப் பேசுவாரோ!

இனி உங்கள் பொம்மை. இதற்குக் கதை வேண்டாம், நிஜ வழக்கே இருக்கிறது. ஸ்டீபன் கிம்பிள் என்பவர் உள்ளங்கையிலிருந்து நுரை நூல் பீய்ச்சும் கையுறை ஒன்றைக் கண்டுபிடித்து, 1990-ல் மார்வெலின் முன்னோடி நிறுவனத் தலைவரிடம் போய்ப் பேசினார். நிறுவனம் அவரிடம் வாங்காமல் ‘வெப் பிளாஸ்டர்’ என்று அதே மாதிரி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1997-ல் வழக்கு போட்டார். கடைசியில் சமாதானம்: மொத்தமாக ஏறக்குறைய 5 லட்சம் டாலர், மேற்கொண்டு விற்பனையில் 3 சதவீத ராயல்டி. எதுவரை என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. பேட்டன்ட் 2010-ல் முடிந்ததும் இனி ராயல்டி தர வேண்டியதில்லை என்றது மார்வெல். 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி, காலாவதியான பேட்டன்டுக்கு ராயல்டி வாங்க முடியாது. 2015-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மார்வெல் பக்கம் தீர்ப்பளித்தது. அதை எழுதிய நீதிபதி எலீனா கேகன், பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற ஸ்பைடர்மேன் வசனத்தையே மேற்கோளாகப் போட்டார். கிம்பிளுக்குச் சிரிப்பு வந்திருக்குமா தெரியவில்லை.

ஆக, கிம்பிளின் அந்தக் கையுறையை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். அது முடிந்துபோன பேட்டன்ட், மேலும் அமெரிக்கப் பேட்டன்ட் இந்தியாவில் செல்லாது. புதிய நுட்பம் ஏதும் சேர்த்தால் அதற்கு இங்கே வேறு யாராவது பேட்டன்ட் வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். பெட்டிமேல் மட்டும் ஸ்பைடர்மேன் பெயரோ சிலந்திச் சின்னமோ முகமூடிப் படமோ போட்டுவிடாதீர்கள். அது வணிகச் சின்னம், பதிப்புரிமை விவகாரம். வணிகச் சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்கு 20 ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது.