ஃபோல்டரின் லேபிள் சரி, புதிய கோப்பின் லேபிள் ஏன் தவறுகிறது?

கேள்வி: மண்ணடி, தம்பு செட்டி தெருவில் இயங்கும் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி போன்றவற்றின் ஸ்கேன் பிரதிகளை வாடிக்கையாளர்கள் பிரவுசரில் பார்ப்பதற்காக ஆல்மாலினக்ஸ் சர்வரில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் நிரல் வைத்திருக்கிறோம். ஊழியர்கள் எஸ்எஃப்டிபி வழியாக ஒரு பயனரின் ஹோம் ஃபோல்டருக்கு அனுப்பும் பிடிஎஃப்களை, மணிக்கொரு முறை ஓடும் ஸ்கிரிப்ட் '/எஸ்ஆர்வி/ஆவணம்' ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. அந்த ஃபோல்டருக்கு 'செமானேஜ்' மூலம் லேபிள் விதி எழுதி 'ரெஸ்டோர்கான்' ஓட்டினேன். அன்றிருந்த கோப்புகள் எல்லாம் திறக்கின்றன. அதன் பிறகு வந்தவை மட்டும் 403 (அனுமதி மறுப்பு) பிழை காட்டுகின்றன. எல்லோருக்கும் எல்லாம் திறக்கும் 777 அனுமதி கொடுத்தும் பயனில்லை. கோப்பின் லேபிளைப் பார்த்து அனுமதி தரும் லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸைத் தளர்த்தினால் சரியாகிவிடுகிறது. தளர்த்தாமலே இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் எந்த வரி, ஏன் என்பதைப் புரிந்துகொள்ளாமல் மாற்றினால், அடுத்த மாதம் வேறொரு ஃபோல்டரில் இதே சிக்கல் முளைக்கும்.

'செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கொண்டு நீங்கள் எழுதிய விதியை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பார்ப்பதே இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இன்ன பாதையில் உள்ள கோப்புக்கு இன்ன லேபிள் என்ற அந்த விதி ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கப்படுகிறது. அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவை 'ரெஸ்டோர்கான்' போன்ற சில கருவிகள் மட்டுமே. நீங்கள் 'ரெஸ்டோர்கான்' ஓட்டிய அன்று அங்கிருந்த கோப்புகளுக்கு அது லேபிள் ஒட்டியது. மறுநாள் வந்த கோப்புகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் புதிய கோப்பின் லேபிளைத் தீர்மானிப்பது எது? கோப்பு உருவாகும் அந்தக் கணத்தில் கெர்னல் வரிசையாகச் சிலவற்றைப் பார்க்கிறது. கோப்பை உருவாக்கும் நிரல், இனி நான் உருவாக்குவதற்கு இந்த லேபிளைக் கொடு என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் (எஸ்இலினக்ஸின் விதித் தொகுப்பான பாலிசி அதற்கு இடம் கொடுத்தால்) அதுவே கிடைக்கும். இல்லையென்றால், இந்த வகை நிரல் இந்த வகை ஃபோல்டரில் கோப்பை உருவாக்கும்போது இந்த லேபிள் என்று பாலிசியில் 'டைப் ட்ரான்சிஷன்' விதி இருக்கிறதா என்று பார்க்கும். அப்பாச்சி '/டிஎம்பி' ஃபோல்டரில் உருவாக்கும் கோப்பு 'ஹெச்டிடிபிடி_டிஎம்பி_டி' ஆவது இதனால்தான். 2011இல் வந்த 2.6.39 கெர்னலிலிருந்து இத்தகைய விதியில் கோப்பின் பெயரையும் சேர்க்க முடிகிறது. இவை இரண்டும் இல்லாதபோது, பெரும்பாலும் நேர்வது இதுதான், தாய் ஃபோல்டரின் டைப்பையே (லேபிளில் வகையைக் குறிக்கும் பகுதி) புதிய கோப்பு பெற்றுக்கொள்கிறது.

உங்கள் பிடிஎஃப் எங்கே உருவாகிறது என்று இப்போது பாருங்கள். அது ஹோம் ஃபோல்டரில் உருவாகிறது. ஆகவே 'யூசர்_ஹோம்_டி' என்ற டைப்பைப் பெறுகிறது. அதன் பிறகு உங்கள் ஸ்கிரிப்ட் 'எம்வி' கட்டளையால் அதை நகர்த்துகிறது. 'எம்வி' புதிய கோப்பை உருவாக்குவதில்லை. இருக்கும் கோப்பின் இடத்தை மட்டும் மாற்றுகிறது. துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரை எந்த யார்டுக்கு மாற்றினாலும் அதன் எண் மாறாதல்லவா, அதைப் போல லேபிளும் கூடவே வருகிறது. வேறொரு பார்ட்டிஷனுக்கு நகர்த்தும்போது உள்ளுக்குள் நகலெடுத்து அழிப்பதுதான் நடக்கிறது என்றாலும், பழைய லேபிளையும் சேர்த்தே கொண்டுசெல்லும்படி 'எம்வி' எழுதப்பட்டிருக்கிறது. அப்பாச்சிக்கு 'யூசர்_ஹோம்_டி' கோப்பைப் படிக்க இயல்பான அமைப்பில் அனுமதி கிடையாது. எனவே 403.

இதை ஊகமாக விட வேண்டாம். பழைய கோப்பு ஒன்றையும் புதிய கோப்பு ஒன்றையும் 'எல்எஸ் -இசட்' கொடுத்துப் பாருங்கள். லேபிளின் மூன்றாவது பகுதியான டைப் முதலாவதில் 'ஹெச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி' என்றும், இரண்டாவதில் 'யூசர்_ஹோம்_டி' என்றும் இருக்கும். முதல் பகுதி ஒன்றில் 'சிஸ்டம்_யூ', மற்றொன்றில் 'அன்கன்ஃபைன்ட்_யூ' என்று வேறுபட்டாலும் கவலைப்பட வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் 'டார்கெட்டட்' பாலிசியில் கோப்பைத் திறக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பது அநேகமாக டைப் மட்டுமே. 'ஆடிட்' பதிவிலும் அப்பாச்சிக்கு மறுப்பு என்ற ஏவிசி (எஸ்இலினக்ஸின் தீர்ப்பு) வரி இருக்கும். அந்த வரி இருப்பதே, வழக்கமான பயனர் அனுமதிச் சோதனையைக் கோப்பு ஏற்கெனவே தாண்டிவிட்டது என்பதற்குச் சான்று, ஏனெனில் கெர்னல் முதலில் அதைச் சோதித்துவிட்டுத்தான் எஸ்இலினக்ஸைக் கேட்கிறது. 777 கொடுத்தும் ஒன்றும் நடக்காததன் காரணம் அதுவே.

இனி வழிக்கு வருவோம். மிகச் சுருக்கமானது, ஸ்கிரிப்டில் 'எம்வி' என்பதை 'எம்வி -இசட்' என்று மாற்றுவது. அப்போது அது பதிவேட்டைப் பார்த்து, போய்ச் சேரும் இடத்துக்குரிய லேபிளை ஒட்டும். 'சிபி' கொண்டு நகலெடுத்துவிட்டுப் பழையதை அழித்தாலும் சரியே, ஏனென்றால் நகல் என்பது புதிய கோப்பு, அது தாய் ஃபோல்டரின் டைப்பைப் பெறும். ஆனால் 'சிபி -ஏ' என்று எழுதிவிடாதீர்கள். அது பழைய லேபிளையும் சேர்த்து நகலெடுக்கும். 'ஆர்சிங்க் -ஏ' அப்படிச் செய்யாது. அதில் 'எக்ஸ்' என்ற பெரிய எழுத்தையும் சேர்த்தால்தான் லேபிள் கூட வரும்.

என்னைக் கேட்டால், நான் இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, ஸ்கேன் பிரதிகள் முதலில் வந்து இறங்கும் இடத்தையே மாற்றுவேன். '/எஸ்ஆர்வி'க்குள் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்கும் 'ஆவணம்' ஃபோல்டருக்குரிய அதே டைப்பை விதியாக எழுதி, ஒரு முறை 'ரெஸ்டோர்கான்' ஓட்டிவிட்டு, ஊழியர்களின் எஸ்எஃப்டிபியை அங்கே திருப்புங்கள். கோப்பு சரியான லேபிளோடு உருவாகும். பிறகு சாதாரண 'எம்வி' போதும். பாதி ஏறிய பிடிஎஃப் வாடிக்கையாளர் கண்ணில் படாமலிருக்க, 'வரவு' ஃபோல்டர் அப்பாச்சியின் டாக்குமென்ட் ரூட்டுக்கு (அது பிரவுசருக்கு வழங்கும் ஃபோல்டர்) வெளியே இருக்கட்டும். நாளை எஸ்எஃப்டிபிக்குப் பதில் சாம்பா (விண்டோஸ் முறையில் ஃபோல்டர் பகிரும் சேவை) வைக்க நேர்ந்தால் இந்த டைப் உதவாது. பல சேவைகள் பகிர்வதற்கென்றே உள்ள 'பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி' டைப்பையும், அதில் சாம்பா எழுதுவதற்கான பூலியனையும் (பாலிசியில் உள்ள ஆன்/ஆஃப் சுவிட்ச்) அப்போது நாட வேண்டும்.

'சிஹெச்கான்' கட்டளையால் கையால் ஒட்டும் லேபிள் அடுத்த 'ரெஸ்டோர்கான்' ஓட்டத்தில் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை 'ரெஸ்டோர்கான்' ஓட்டும் கிரான் வேலை பலன் தரும்தான், ஆனால் காரணம் தெரிந்த பிறகும் அதைச் செய்வது வீண். உபுண்டு வைத்திருக்கும் நண்பர் தமக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று சொன்னால், அங்கு எஸ்இலினக்ஸுக்குப் பதிலாக உள்ள ஆப்ஆர்மர் லேபிளைப் பார்க்காமல் பாதையைப் பார்க்கிறது என்பதே அதற்குக் காரணம்.

கடைசியாக, நீங்கள் எஸ்இலினக்ஸை எப்படித் தளர்த்தினீர்கள் என்று பாருங்கள். 'செட்என்ஃபோர்ஸ்' கொண்டு, தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பெர்மிசிவ் நிலைக்குக் கொண்டுவந்திருந்தால் பாதகமில்லை. அந்த நிலையிலும் புதிய கோப்புகளுக்கு லேபிள் ஒட்டப்படும். அடியோடு முடக்கி ரீபூட் செய்திருந்தால், அந்த இடைவெளியில் உருவான கோப்புகளுக்கு லேபிளே இராது. அப்படியானால் முதலில் பெர்மிசிவ் நிலையை அமைத்து, '/.ஆட்டோரீலேபிள்' என்ற வெற்றுக் கோப்பை உருவாக்கி ரீபூட் செய்யுங்கள். சர்வர் முழுவதற்கும் லேபிள் ஒட்டி முடிய நேரம் பிடிக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் செய்வது நல்லது. பிறகு 'ரெஸ்டோர்கான் -என்விஆர்' என்று ஓட்டினால், எதையும் மாற்றாமல், லேபிள் பொருந்தாத கோப்புகளை மட்டும் பட்டியலிடும். பட்டியல் வெறுமையாக வந்ததும், விதி மீறலைத் தடுக்கும் என்ஃபோர்சிங் நிலைக்குத் திரும்பி, 777 கொடுத்த இடங்களில் ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று மாற்றிவிடுங்கள்.