ஊருணிக் கரையில் வங்கியின் பலகை: அக்கறையா, விளம்பரமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் வங்கி ஊருணியைத் தூர்வாரி, மரக்கன்று நட்டு, கரையில் பெரிய பலகையும் வைத்திருக்கிறது. இது உண்மையான அக்கறைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் ஈட்டும் நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தனியார் வங்கிகளும் இதில் அடக்கம். எனவே அதை வள்ளல்தன்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பகுதியின் வணிகச் சமூகமான நகரத்தார், மகமை (வணிகத்திலிருந்து பொதுப் பணிக்கு ஒதுக்கும் பங்கு) எடுத்துக் கோயிலும் ஊருணியும் கட்டியபோது எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. (அவர்களும் கல்வெட்டில் பெயர் பொறித்தார்கள்தான், பெயர் போடுவது குற்றமில்லை.)

பலகையை விட்டுவிட்டுக் கரையில் இறங்கிப் பாருங்கள். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்க, படித்துறைக்கு மட்டும் வண்ணம் அடித்திருந்தால் புகைப்படம்தான் மிஞ்சும். தோண்டிய மண்ணைக் கரை விளிம்பிலேயே குவித்திருந்தால் அடுத்த மழையில் அது உள்ளேயே சரியும். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் வெட்டியிருந்தால் மறுபடி தழைத்துவிடும்.

ஆனால் என் பார்வையில் ஊருணி சின்ன விஷயம். ஒரு வங்கியால் சுற்றுச்சூழலுக்கு நேரும் பெரும் நன்மையும் கேடும் அது கொடுக்கும் கடன்களில்தான் இருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள், 2022-23 முதல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகின்றன. அதில் மரக்கன்றுப் படங்களைத் தாண்டி, அனல்மின் நிலையம், சுரங்கம் போன்றவற்றுக்குக் கடன் தருவது பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.