கைல நின்னாத்தான் வெயிட்டு தெரியும்

வணக்கம் சார்,

டெக்சஸ் ஆஸ்டின்ல இருக்கேன், உங்கள ஏழு வருஷமா படிக்கறேன். கிரிக்கெட் பத்தி அவ்வளவு எழுதற நீங்க பேஸ்பால் பத்தி ஏன் எழுதறதே இல்ல? என் பையனுக்கு 12 வயசு, லோக்கல் லீக்ல ஆடறான். நல்லா அடிப்பான், ஆனா கோச் அவன ஃபீல்டிங்ல செகண்ட் பேஸ்ல நிறுத்தி வெச்சிருக்கார். அங்க நின்னா யார் கண்ணுலயும் பட மாட்டான்னு பயமா இருக்கு, வேற டீமுக்கு மாத்தலாமான்னு யோசிக்கறேன். கோச் கிட்ட கேட்டா பில் மஸரோஸ்கின்னு ஒரு பழைய ஆள சொல்றார். தேடிப் பாத்தா பேட்டிங் ஆவரேஜ் .260 தான், ரொம்ப சுமார். ஒரே ஒரு ஹோம் ரன்னால ஹால் ஆஃப் ஃபேம் போன ஆளாம். இவர உதாரணமா காட்டறது நியாயமா? நல்ல பேட் எதுன்னும் சொல்லுங்க.

கே.

அன்புள்ள கே,

பேட் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, கடைக்காரர கேளுங்க. நான் பதில் எழுத உக்காந்ததுக்கு காரணம் நீங்க கூட இல்ல, எங்க எதிர் வீடு.

அங்க மாடி எடுக்கறாங்க. கீழ ஒருத்தர் செங்கல்ல ரெண்டு ரெண்டா சேத்து வீசறார், சாரத்துல நடுவுல நிக்கற பையன் அத வாங்கி மேல இருக்கற கொத்தனாருக்கு அனுப்பறான். வாங்கிங்கறது கூட தப்பு, செங்கல் வர்ற வேகத்துலயே அவன் கையும் கூட போகுது, அப்படியே திரும்புது, செங்கல் மேல போயிடுது, நடுவுல எங்கயும் நிக்கல. ஒரு வாரமா காபி ஆறிப்போறது தெரியாம அதத்தான் பாத்துட்டு இருக்கேன். டீ டைம்ல கேட்டேன், கை வலிக்காதாப்பான்னு. "கைல நின்னாத்தான் சார் வெயிட்டு தெரியும்"னான். சின்ன வயசுல எங்க வீடு கட்டறப்ப நானும் வீம்புக்கு போய் நின்னு, மொத செங்கல்லயே கட்டைவிரல் நகம் போச்சு. நான் இறுக்கிப் பிடிச்சேன், அதான் தப்பு.

உங்க கடிதம் வந்தது மறுநாள். மஸரோஸ்கிக்கு அவரோட ஆளுங்க வெச்ச பட்டப்பேர் என்ன தெரியுமா? 'கையில்லாதவர்'. பந்து அவர் கைல பட்டதே யாருக்கும் தெரியாதாம்.

கிரிக்கெட் மட்டும் பாக்கற நம்ம ஆளுங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். பேஸ்னா ரன்னர் ஓடித் தொட வேண்டிய எடம். முதல் பேஸ்ல ஒரு ரன்னர் நிக்கறான், பந்து தரையோட போனா அவன் செகண்ட் பேஸுக்கு ஓடியே ஆகணும், அவனுக்கு முன்ன பந்து அங்க வந்துட்டா அவுட். அடிச்ச பந்து தரையோட ஷார்ட்ஸ்டாப் கிட்ட, அதாவது ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கற ஃபீல்டர் கிட்ட போகுது, அவர் செகண்ட் பேஸுக்கு எறியறார். உங்க பையன் மாதிரி ஒருத்தன் ஓடி வந்து, பேஸ்ல கால வெச்சு, அத வாங்கி, உடம்ப திருப்பி முதல் பேஸுக்கு எறியணும், ரன்னர், அடிச்சவன் ரெண்டு பேரும் அவுட், அதான் டபுள் ப்ளே. இதுல சிக்கல் என்னன்னா அவன் கண்ணு ஷார்ட்ஸ்டாப் பக்கம் இருக்கு, ரன்னர் வர்றது பின்னாடியிருந்து, அதுவும் சும்மா வரல, ஆணி வெச்ச ஷூவோட சறுக்கிட்டு இவன் கால வாரத்தான் வர்றான், அந்தக் காலத்துல அத யாரும் பெருசா கேக்கறதும் இல்ல. நிறைய பேர் குதிச்சு ஒதுங்கிதான் எறிவாங்க. மஸரோஸ்கி பேஸ விட்டு நகர மாட்டார். சின்ன க்ளவுஸ், பந்த அதுக்குள்ள மூடிப் பிடிக்காம லேசா பட வெச்சு அப்படியே வலது கைக்கு மாத்தி எறிஞ்சுடுவார். எங்க சாரத்துப் பையனேதான்! 1956லேந்து 1972 வரைக்கும் 17 சீசன், மொத்தமும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீம்லயே, 1,706 டபுள் ப்ளே. செகண்ட் பேஸ்ல நின்னவங்கள்ல இன்னிக்கு வரைக்கும் அத யாரும் தொடல. 1966ல மட்டும் 161. எட்டு கோல்ட் க்ளவ், அதாவது சிறந்த ஃபீல்டருக்கான விருது. நீங்க தேடுனப்ப இதெல்லாம் உங்க கண்ணுல படவே இல்லையா, .260 மட்டும்தான் பட்டுச்சா? ரன்ன மட்டும் எண்ணிப் பழகுன கண்ணுய்யா அது, எனக்கும் அதே வியாதி இருந்துச்சு, அதான் திட்டறேன்.

சரி, அந்த ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. 1960 அக்டோபர் 13, சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற வேர்ல்ட் சீரிஸோட ஏழாவது மேட்ச், நியூயார்க் யாங்கீஸோட. ஒன்பதாவது இன்னிங்ஸ், 9-9, இவர் அடிச்சு 10-9. ஏழாவது மேட்ச் இப்படி கடைசி அடி ஹோம் ரன்னோட முடிஞ்சது அந்த ஒரு தடவதான். எல்லாரும் இத சொல்லுவாங்க. எட்டாவது இன்னிங்ஸ்ல நடந்தத யாரும் சொல்ல மாட்டாங்க. அப்ப யாங்கீஸ் 7-4னு முன்னாடி இருக்காங்க, பைரேட்ஸ் ஆள் ஒருத்தர் முதல் பேஸ்ல, அச்சுல வார்த்த மாதிரி ஒரு டபுள் ப்ளே பந்து ஷார்ட்ஸ்டாப் டோனி குபெக் கிட்ட வருது, தரைல பட்டு எகிறி நேரா அவர் தொண்டைல. ரெண்டு அவுட் விழ வேண்டிய எடத்துல ஒண்ணும் விழல, அந்த இன்னிங்ஸ்ல பைரேட்ஸ் அஞ்சு ரன். அந்த டபுள் ப்ளே நடந்திருந்தா அந்த ஹோம் ரன்னுக்கு வேலையே இருந்திருக்காது. கூத்து என்னன்னா, அந்த சீரிஸோட சிறந்த ஆட்டக்காரர் விருது போனதும் ஒரு செகண்ட் பேஸ் ஆளுக்குத்தான், தோத்த டீமோட பாபி ரிச்சர்ட்சன்! அதுவும் அவர் பேட்டிங்குக்காக, பின்ன என்ன.

ரிட்டயர் ஆனப்புறம் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது பேஸ்பால் பெரியவங்களோட கௌரவப் பட்டியலுக்கு, பத்திரிகைக்காரங்க ஓட்டு 15 வருஷம் இவருக்கு பத்தல. 2001லதான் மூத்தவங்க கமிட்டி எடுத்துச்சு. மேடைல எழுதி வெச்ச பேச்ச கைல வெச்சுட்டு, ஃபீல்டிங்குக்கும் இங்க எடம் உண்டுங்கற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள அழுதுட்டார் மனுஷன். பேப்பர அப்படியே விட்டுட்டு உக்காந்துட்டார். அவங்கப்பா சுரங்கத் தொழிலாளி, பேஸ்பால் கனவு இருந்தவர், சுரங்க விபத்துல கால் அடிபட்டு அது முடிஞ்சு போச்சு. அந்த அழுகைல அதுவும் இருந்திருக்கும்னு நானா நெனச்சுக்கறேன்.

2014ல பிட்ஸ்பர்க் போயிருந்தேன். நண்பர் வெங்கடாசலபதி கோயிலுக்கு கூட்டிட்டுப் போனார், புளியோதரை வாங்கிட்டு நேரா ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் சுவருக்கு போகணும்னேன். மைதானம் போயிடுச்சு, யுனிவர்சிட்டிக்கு நடுவுல சுவர் ஒரு துண்டு மட்டும் கொடி படர்ந்து நிக்குது. செங்கல் சுவர். வருஷா வருஷம் அக்டோபர் 13 அன்னிக்கு ஜனங்க அங்க கூடி அந்த மேட்ச்சோட பழைய ரேடியோ வர்ணனைய கேக்கறாங்களாம். நான் அங்க உக்காந்துதான் புளியோதரைய சாப்ட்டேன்.

டீம் மாத்தறத பத்தி கேட்டிருந்தீங்கல்ல. மாத்தாதீங்க. அந்த கோச்சுக்கு என் வணக்கத்த சொல்லுங்க. பையன் டபுள் ப்ளே எடுத்தா எனக்கு வீடியோ அனுப்புங்க, பேட்டிங் வீடியோ வேண்டாம்.