மோகனம் ஏன் அலைகிறது?

கேள்வி: மோகன ராகத்தில் ஒரு வர்ணம், மூன்று கிருதிகளின் ஸ்வரங்களைத் தட்டச்சு செய்து, அதிலிருந்து புது மெட்டுப் போட மார்க்கோவ் சங்கிலி நிரல் (முந்தைய ஸ்வரங்களைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது) எழுதினேன். மெட்டு போக்கிடம் இல்லாமல் அலைகிறது. முந்தைய ஐந்து ஸ்வரங்களைப் பார்க்கச் சொன்னால் வர்ணமே திரும்ப வருகிறது. ரூ.30,000-க்கு 'பயிற்சி பெற்ற ஏஐ மாடல்' தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு பெரும்பாலும் நிரலில் இருக்காது, தட்டச்சு செய்த ஸ்வரத்தில் இருக்கும்.

முதலில் ஸ்தாயிப் புள்ளி, அதாவது ஸ்வரம் மேலா கீழா என்று காட்டும் புள்ளி. அதை விட்டால் மேல் ஷட்ஜமும் (ச) நடு ஷட்ஜமும் ஒன்றாகி, 'ப த ச' என்று ஏறிய மெட்டு கீழ் ரிஷபத்தில் (ரி) பொத்தென்று விழும். அடுத்தது கார்வை, அதாவது ஸ்வரத்தை நீட்டி நிற்பது. 'ச ;' என்பதை 'ச-3' என்று ஒரே குறியாக எழுதுங்கள். கார்வையைத் தனிக் குறியாக விட்டால், அது இரண்டு முறை வந்ததுமே எந்த ஸ்வரத்தில் நின்றோம் என்பது நிரலுக்கு மறந்துவிடும்.

முந்தைய இரண்டு ஸ்வரங்கள் போதும். மந்திர (கீழ்) பஞ்சமத்திலிருந்து தார (மேல்) காந்தாரம் வரை மோகனத்துக்குப் பத்து ஸ்வரங்கள். இரண்டைப் பார்த்தால் 100 சேர்க்கைகள். ஐந்தைப் பார்த்தால் ஒரு லட்சம். நான்கு பாட்டை வைத்து லட்சத்தை நிரப்ப முடியுமா? வந்த சேர்க்கைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறைதான் வந்திருக்கும், அதனால் அச்சு அசலாக அதே வரி வரும்.

அலைச்சலுக்கு மருந்து தாளம். ஆதி தாளத்துக்கு 32 மாத்திரை எண்ணி, சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) ச, க, ப-வில் ஒன்று விழாவிட்டால் அந்த ஆவர்த்தனத்தையே (தாளத்தின் ஒரு முழுச் சுற்றையே) தூக்கிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். 1957-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் கணினியில் செய்ததும் இதே சலித்தெடுக்கும் வேலைதான்.

ஆனந்தபைரவி ராகத்துக்கு இரண்டு போதாது. ஆரோகணம் (ஏறும் வரிசை) 'ச க ரி க ம ப த ப ச'. இறங்கும்போது 'ம க ரி ச'. 'க ரி' என்று வந்ததும் அடுத்து க-வா, ச-வா? அதற்கு முன்னால் ச இருந்ததா, ம இருந்ததா என்று பார்த்தால்தான் தெரியும். அது தெரியாத நிரல், ஏறத் தொடங்கிய கையோடு ஷட்ஜத்துக்கே திரும்பிவிடும். ஆகவே அங்கே மூன்று.

மாடல் விற்பவரிடம் ஆனந்தபைரவியிலேயே ஓர் ஆவர்த்தனம் கேளுங்கள். எந்தெந்தப் பாட்டை வைத்துப் பழக்கினார் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பியானோ மாடலுக்குப் பெயர் மாற்றியிருப்பார். 'காப்பிரைட் தொல்லை இல்லை' என்று அவர் நீட்டும் சான்றிதழும் வெறும் காகிதம். வந்த மெட்டில் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு ஸ்வரம் ஏதாவது ஒரு பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபார்க்க வேண்டும்.

இப்படி மாடல் விற்பவர்களுக்குப் பிழைப்பு எப்படி நடக்கிறது? நம் ஸ்வரப் புத்தகங்கள் பெரும்பாலும் இன்னும் ஸ்கேன் செய்த படங்களாகவே கிடக்கின்றன. கணினி படிக்கும்படி ஒழுங்காக ஏற்றி வைக்கப் பலருக்கும் மனமில்லை. அதுவரை தட்டச்சு உங்கள் தலையில்தான்.

ஐம்பது ஆவர்த்தனம் ஓட்டினால் மூன்று தேறும். அந்த மூன்றையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். கமகத்தை (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை) நிரல் போடாது.