பாதி நினைவில் நிற்கும் படத்தையோ பாட்டையோ முன்பின் தெரியாதவர்கள் கண்டுபிடித்துத் தருவார்களா?

தருவார்கள். நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சின்ன வயதில் பார்த்த ஒரு படம், பெயர் தெரியாது, ஒரு பெண் ரயிலில் சூட்கேஸை வைத்துவிட்டு வேண்டுமென்றே இறங்கிப் போகும் காட்சி மட்டும் மனதில் நிற்கிறது, கூகுளில் எப்படித் தேடினாலும் வரவில்லை, யாரிடமாவது கேட்டால் கிடைக்குமா, எப்படிக் கேட்பது. இணையத்தில் கேட்கப்படும் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் தேடிக் கொடுப்பதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஈடுபாடு உண்டு. நான் தொலைத்த சில பாட்டுகளும் இப்படி யாரோ சொல்லித்தான் திரும்பக் கிடைத்தன. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பதில் சொல்லப்போகிறவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தை அவரும் எப்போதோ பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். உங்களுக்கு மறந்துபோனது அவருக்கு நினைவிருக்கும், அவருக்கு மறந்தது உங்களுக்கு. நீங்கள் எழுதியது கண்ணில் பட்டதும் 'அட, இது எனக்குத் தெரியுமே' என்று அவருக்குத் தோன்ற வேண்டும். கேள்வி எழுதும்போது கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் 'காதல் கதை, கடைசியில் சோகமாக முடியும், பாட்டெல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்' என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது ஆயிரம் படத்துக்குப் பொருந்தும், ஒருவருக்கும் பொறி தட்டாது.

ஒருமுறை ஒருவர் ஒரு சிறுவர் நாவலைத் தேடிக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு சிறுவன், புயல் அடிக்கும் இரவில் விளக்கு அணைந்துபோக, தன் நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து எரித்துக் கப்பலுக்கு வெளிச்சம் காட்டுகிறான். கதையாகச் சொன்னால் இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும் என்று தோன்றும். பலரும் ஆர்வமாகப் பதில் போட்டார்கள், எதுவும் அது இல்லை. எனக்கும் பிடிபடவில்லை. அப்புறம் யாரோ ஒருவர், 'வேறு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, கதைக்குச் சம்பந்தம் இல்லாததாக இருந்தாலும் பரவாயில்லை' என்று கேட்டார். அதற்கு அவர் கொஞ்சம் தயக்கத்தோடு எழுதியது: பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு பறவை வரைந்திருக்கும், அதற்கு ஒரு கால்தான் இருக்கும். அந்த ஒற்றைக் காலைப் படித்ததும் எனக்குப் புத்தகத்தின் அட்டை நிறம்கூடக் கண்முன் வந்துவிட்டது. அது நாவலே இல்லை, ஒரு தொகுப்பில் இருந்த சில பக்கச் சிறுகதை. அதில் வருவது சிறுவன் இல்லை, சிறுமி. அவள் எரிப்பது நோட்டுகளை இல்லை, கடிதங்களை. முக்கியம் என்று அவர் நம்பியதெல்லாம் மாறியிருந்தது, சொல்லவே தயங்கிய ஒரு விஷயம் மட்டும் அப்படியே இருந்தது.

இது ஏதோ அதிர்ஷ்டத்தில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-ல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கவைத்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, அவர்களுக்குப் பழக்கமில்லாதவை பழக்கப்பட்டவையாக மாறின: கதையில் இருந்த வள்ளம் சாதாரணப் படகானது, சீல் என்ற கடல்விலங்கின் வேட்டை மீன்பிடிப்பாகப் போனது, காரணம் புரியாத இடங்கள் ஒன்று உதிர்ந்தன, இல்லையென்றால் அவர்களாகவே ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அதாவது நம் மனது எதையும் வழக்கமான வடிவத்துக்குத்தான் இழுக்கும். கலங்கரை விளக்கம் என்றால் தைரியமான சிறுவன், எரிக்கக் கிடைத்த காகிதம் என்றால் பள்ளிக்கூட நோட்டு. ஒற்றைக்கால் பறவையை அப்படி யாரும் தானாக உண்டாக்கிக்கொள்ள மாட்டார்கள். இவ்வளவு தேய்மானத்துக்குப் பிறகும் ஒரு விசித்திரமான துணுக்கு மிஞ்சியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் உண்மையிலேயே அங்கே இருந்ததுதான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கதைச்சுருக்கத்தை நாலு வரியில் முடித்துவிட்டு, கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற விஷயங்களுக்கு இடம் கொடுங்கள்.

உங்கள் ரயில் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அவள் இறங்கும்போது வண்டி நின்றிருந்ததா, மெல்ல நகர ஆரம்பித்திருந்ததா? சூட்கேஸை இருக்கைக்கு மேலே வைத்தாளா, கீழே தள்ளினாளா? எதிரே யாராவது உட்கார்ந்திருந்தார்களா? அந்த இடத்தில் இசை இருந்ததா, ரயில் சத்தம் மட்டும்தானா? இவற்றில் ஒன்றுக்குத்தான் பதில் தெரியும் என்றால் அந்த ஒன்றை எழுதுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். நிரப்பினால் அடுத்த தடவை உங்களுக்கே அது நினைவாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

எழுதும்போது எது உறுதி, எது 'அப்படித்தான் நினைக்கிறேன்', எது வெறும் ஊகம் என்று பிரித்துச் சொல்வது பெரிய உபகாரம். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னால், பதில் தெரிந்தவர்கூட 'நான் நினைக்கிற படத்தில் கதாநாயகி டாக்டர், இவர் டீச்சர் என்கிறாரே, அப்போது இது வேறு படம்' என்று சொல்லாமல் போய்விடுவார். சரியான விடை இப்படிக் கைநழுவிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலத்தைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். நீங்கள் பார்த்த வருடம் வேறு, படம் வந்த வருடம் வேறு. டிவியில் பார்த்திருந்தால் படம் அதற்கு முப்பது வருடம் முந்தியதாகக்கூட இருக்கலாம். உங்களால் உறுதியாகச் சொல்ல முடிவது மேல் எல்லை மட்டும்தான்: எந்த வருடத்தில் பார்த்தீர்களோ அதற்குப் பிறகு வந்த படமாக இருக்க முடியாது. 'பார்க்கும்போதே பழைய படம் மாதிரி இருந்தது' என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. எந்த வகையில் பார்த்தீர்கள் என்பதும் தேவை, தியேட்டரா, டிவியா, கேசட்டா, கறுப்பு வெள்ளையா, கலரா. பேசிய மொழி புரிந்தது என்பதால் அது அந்த மொழிப் படம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம், டப்பிங்காக இருக்கலாம். உதட்டசைவு ஒட்டாமல் இருந்ததாக லேசாக ஞாபகம் இருந்தாலும் அதைச் சொல்லுங்கள். இரண்டு படங்கள் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொள்வதும் சகஜம். இத்தனை காட்சிகளில் எவையெல்லாம் நிச்சயமாக ஒரே படம் என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் நுனிநாக்கில் நிற்கிற மாதிரி இருந்தால் அந்த உணர்வை ஒதுக்காதீர்கள். 1966-ல் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் செய்த ஒரு ஆய்வில், அபூர்வமான சொற்களின் பொருளைச் சொல்லிச் சொல்லைக் கேட்டார்கள். சொல் வராமல் தவித்தவர்கள்கூட அதன் முதல் எழுத்தையும் அதில் எத்தனை அசை என்பதையும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார்கள். ஆகவே 'தலைப்பு இரண்டு வார்த்தை, முதல் வார்த்தை ம-வில் ஆரம்பிக்கும் என்று தோன்றுகிறது' என்பதையும், ஊகம் என்று குறிப்பிட்டு, எழுதிவிடுங்கள்.

பாட்டு கொஞ்சம் வேறு மாதிரி. ஓடுகிற பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் போன்ற செயலிகள் ஒலிப்பதிவில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்பதை ஒரு கைரேகை போல எடுத்துத் தன் கிடங்கோடு ஒப்பிடும். அதே பதிவு ஓடினால்தான் பிடிக்கும், நீங்கள் முணுமுணுத்தால் பிடிக்காது. முணுமுணுப்பை மெட்டோடு ஒப்பிடும் வசதியைக் கூகுள் 2020-ல் கொண்டுவந்தது. பிரபலமான பாட்டு என்றால் பெரும்பாலும் வந்துவிடும். இரண்டும் கைவிட்ட பிறகுதான் மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். கூச்சப்படாமல் போனில் பாடிப் பதிவு செய்து வோகாரூ மாதிரி ஒரு தளத்தில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். சுருதி தப்பினால் ஒன்றும் குடி முழுகிவிடாது, தாளம் சரியாக இருந்தாலே கேட்பவருக்குப் பிடிபடும், கையால் தட்டிக்கொண்டே பாடினால் இன்னும் சுலபம். வரிகளைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள், அர்த்தம் வரவேண்டும் என்று திருத்தாதீர்கள். நீங்கள் தவறாகக் கேட்ட அதே சொல்லை இன்னொருவரும் தவறாகக் கேட்டிருப்பார்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இரண்டு உண்மைக் கதைகள் இருக்கின்றன. ஜெர்மனியில் 1980-களில் ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிவான ஒரு பாட்டு, பாடியவர் யாரென்று தெரியாமல் 2007-ல் இணையத்தில் கேள்வியாக வந்தது. வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் தேடினார்கள். 2024 நவம்பரில்தான் அது ஃபெக்ஸ் என்ற ஜெர்மன் இசைக்குழுவின் பாட்டு என்று தெரிந்தது, அதுவும் பழைய செய்தித்தாள்களைப் பொறுமையாகத் துருவிய ஒருவரால். அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கே தங்கள் பாட்டை உலகம் இப்படித் தேடிக்கொண்டிருப்பது அதுவரை தெரியாது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். இன்னொன்று வெறும் 17 விநாடித் துணுக்கு, 2021-ல் ஒருவர் பெயர் கேட்டுப் போட்டது. விளம்பரப் பாட்டாக இருக்குமோ, டிவி நிகழ்ச்சியில் வந்ததோ என்று பலர் பல பக்கம் தேட, 2024 ஏப்ரலில் அது 1986-ல் வந்த வயது வந்தோருக்கான ஒரு படத்தின் பின்னணியில் கிடைத்தது. யாரும் இசைக்காகக் கவனிக்கும் இடமில்லை அது. உங்கள் பாட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால், அது தனிப் பாட்டாக வெளியாகவே இல்லாமல், ஏதோ ஒன்றின் பின்னணியில் மட்டும் ஒலித்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பலர் 'ஆமாம், எனக்கும் ஞாபகம் இருக்கிறது' என்று சொல்வதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் சின்பாட் என்ற நகைச்சுவை நடிகர் 1990-களில் பூதமாக நடித்த ஒரு படத்தைச் சின்ன வயதில் பார்த்ததாக ஏராளமானவர்கள் உறுதியாகச் சொன்னார்கள், காட்சிகளைக்கூட விவரித்தார்கள். அப்படி ஒரு படம் எடுக்கப்படவே இல்லை, அவரே மறுத்திருக்கிறார். யாராவது பெயர் சொன்னால் அந்தப் படத்தின் ஒரு காட்சியையாவது, புத்தகத்தின் ஒரு பக்கத்தையாவது நீங்களே பார்த்து, அந்த விசித்திரத் துணுக்கு அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் இதே கதைதான். சில நேரம் கச்சிதமாகச் சொல்லிவிடும், சில நேரம் நீங்கள் சொன்ன காட்சியை அதில் இல்லாத ஒரு படத்துக்குள் அழகாகப் பொருத்திக் கொடுத்துவிடும்.

கேட்டுவிட்டுக் காணாமல் போய்விடாதீர்கள், எனக்கு இது ரொம்ப முக்கியம். ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து ஒரு பெயரைத் தேடிக் கொடுக்கிறார். 'இல்லை' என்று மட்டும் சொல்லாமல் ஏன் இல்லை என்று சொல்லுங்கள். 'இல்லை, இதில் எல்லாமே பகலில் நடக்கிறது, நான் பார்த்தது முழுக்க இரவு' என்று நீங்கள் எழுதும்போது உங்களுக்கே தெரியாமல் ஒரு புதுத் தகவலைக் கொடுத்துவிடுகிறீர்கள், அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு போவார். பல தேடல்கள் இந்த 'இல்லை'களில்தான் முடிவுக்கு வந்திருக்கின்றன. பதில் வராவிட்டால் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட, புதிதாக ஞாபகம் வந்ததைப் பழைய கேள்வியின் அடியிலேயே சேர்த்துக்கொண்டே போவது நல்லது.

கிடைத்துவிட்டால், கேட்ட இடத்திலேயே பெயரை எழுதி, உங்கள் நினைவில் எது சரி, எது மாறியிருந்தது என்பதையும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இதே காட்சியை வைத்துக்கொண்டு இன்னொருவர் தேடி வருவார், அவருக்கும் அநேகமாக அதே இடத்தில்தான் நினைவு மாறியிருக்கும்.